மறைக்கும் மரமும் மறைக்கப்படும் கணக்கும்

இராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பரந்து கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில், தொலைதூரக் கம்பியில்லா இணைய இணைப்பு அறுந்துபோகும்போதெல்லாம் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: நடுவில் மரம் வளர்ந்துவிட்டது. காரணம் ஒன்றாகிவிட்டதால் பரிகாரமும் இரண்டைத் தாண்டுவதில்லை. மரத்தை வெட்ட வேண்டும். வெட்ட முடியாவிட்டால் பெரிய டிஷ்ஷை மாட்டி, பூஸ்டர் வைத்து, பவரைக் கூட்ட வேண்டும். இணைப்பைப் பொருத்தித் தருவோரும், அதற்குக் கட்டணம் செலுத்தும் ஆலை நிர்வாகத்தாரும், நடுவிலிருந்து யோசனை சொல்வோரும் இந்தக் கருத்தில் முரண்படுவதில்லை. ஆனால் அலை எப்படிச் செல்கிறது, இலை அதை எவ்வளவு தின்கிறது, சட்டம் எவ்வளவு பவருக்கு இடம் தருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பரிகாரங்களுமே நிற்பதில்லை. பழுது மரத்தில் இல்லை. இரு முனைகளுக்கும் இடையே உள்ள நிலத்தைப் பார்க்காமல், வரைபடத்தில் கோடு கிழித்துப் பாதையைத் தேர்ந்ததில்தான் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இது பொழுதுபோக்குப் பிரச்சினை அன்று. பாலாற்றில் கலந்த தோல் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. தோல் பதனிடும் ஆலைகள் உட்பட மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவின் அளவையும் தன்மையையும் கருவிகளால் இடைவிடாது அளந்து, இணையம் வழியாகக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு அனுப்பியாக வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 இல் பணித்தது. அன்று முதல் ஆற்றோரத்தில் நிற்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் இணைய இணைப்பு அதன் சட்டப் பொறுப்போடும் பிணைந்துவிட்டது. தரவு வராத நேரங்களுக்கு மரத்தைக் காரணம் காட்டுவது நிர்வாகத்துக்கு வசதியானது. மரம் மறுத்துப் பேசாது.

அலையின் இயல்பிலிருந்து தொடங்கலாம். இரண்டு மாடிகளில் எதிரெதிராகப் பொருத்தப்பட்ட ஆன்டெனாக்களுக்கு இடையே வானலை ஒரு நூலைப் போல நேராகச் செல்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அதனால்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தாலே போதும் என்ற முடிவுக்கு வருகின்றனர். உண்மையில் அலை இரு முனைகளிலும் ஒடுங்கி நடுவில் பருத்த, கதிர் போன்ற வடிவமுடைய ஒரு வெளி முழுவதையும் பயன்படுத்திச் செல்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளரின் பெயரால் ஃபிரெனல் வலயம் எனப்படும் இந்த வெளியில், நடுக்கோட்டிலிருந்து கணக்கிட்டால் குறைந்தது 60 விழுக்காட்டு ஆரமாவது தடையின்றி இருந்தால்தான் அலை தன் முழு வலிமையோடு மறுமுனையை அடையும் என்பது துறையில் ஏற்கப்பட்ட விதி. இந்த இணைப்புகளில் மிகுதியாகப் பயன்படும் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 10 கிலோமீட்டர் தொலைவுள்ள பாதையின் நடுப்புள்ளியில் இவ்வலயத்தின் ஆரம் சுமார் 11.4 மீட்டர், அதில் 60 விழுக்காடு ஏறத்தாழ 7 மீட்டர். இதனோடு, நிலத்தின் கோள வளைவினால் நடுவில் தரை சுமார் ஒன்றரை மீட்டர் மேடாவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே 20 மீட்டர் உயரமுள்ள தென்னந்தோப்பு பாதையின் நடுவில் இருக்குமானால், இரு முனை ஆன்டெனாக்களும் 28 அல்லது 29 மீட்டர் உயரத்தில் நின்றாக வேண்டும். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் ஒரு குழாயை நட்டால் கிடைக்கும் உயரம் இதில் பாதிதான். கண்ணுக்கு மறுமுனை தெரிகிறது, இணைப்போ தடுமாறுகிறது என்ற புகாரின் விளக்கம் இவ்வளவே: தென்னங்கீற்றுகளின் இடைவெளியில் கண் நுழைகிறது, வலயம் நுழைவதில்லை. அலையின் நடுக்கோடு ஒரு தடையின் உச்சியை உரசிக்கொண்டு போனாலே 6 டெசிபெல், அதாவது நான்கில் மூன்று பங்கு வலிமை, அங்கேயே இழக்கப்படுகிறது.

டெசிபெல் என்பது ஒரு வலிமை மற்றொன்றைப்போல் எத்தனை மடங்கு என்பதை மடக்கை முறையில் சொல்லும் அளவு. 3 டெசிபெல் இரு மடங்கு, 10 டெசிபெல் பத்து மடங்கு, 20 டெசிபெல் நூறு மடங்கு, 30 டெசிபெல் ஆயிரம் மடங்கு. பவரைக் கூட்டச் சொல்வோர் தவறவிடும் கணக்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இலை நிறைந்த மரக்கூட்டம் வானலையை எவ்வளவு குறைக்கும் என்பதற்கு வைஸ்பெர்கர் என்பவர் 1982 இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதன்படி 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் ஆழமுள்ள இலைத்திரள் ஏறத்தாழ 7 டெசிபெல்லையும், 20 மீட்டர் ஆழம் சுமார் 13 டெசிபெல்லையும், 100 மீட்டர் ஆழமுள்ள தோப்பு சுமார் 33 டெசிபெல்லையும் விழுங்கும். இந்தச் சூத்திரம் குளிர் நாட்டு அடர்ந்த மரங்களை அளந்து உருவானது. உச்சியில் மட்டும் கீற்று விரித்து, கீழே வெறும் தண்டாக நிற்கும் தென்னைக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆயினும் பேசப்படும் அளவு எத்தகையது என்பதை அது உணர்த்தும். 33 டெசிபெல் என்றால் இரண்டாயிரம் மடங்கு. நூறு மீட்டர் தோப்பைப் பவரால் துளைக்க நினைப்பவர் இப்போதுள்ள பவரைப்போல் இரண்டாயிரம் மடங்கு செலுத்த வேண்டும். சந்தையில் விற்கும் பூஸ்டரோ நான்கு மடங்கோ எட்டு மடங்கோ, அதாவது 6 அல்லது 9 டெசிபெல்தான் தரும்.

சட்டம் அதற்கும் இடம் தருவதில்லை. இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 இலும், 5.8 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சிறு பகுதி 2007 இலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டபோது, ஆன்டெனாவின் குவிப்புத் திறனையும் சேர்த்து, ஒரு திசையில் செலுத்தப்படும் வலிமை 4 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரையறுக்கப்பட்டது. 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி திறக்கப்பட்டபோதும் வலிமைக்கு வரம்பு வேண்டும் என்ற கொள்கை கைவிடப்படவில்லை. அனுப்பும் முனையில் டிஷ்ஷைப் பெரிதாக்கினால் அந்த அளவுக்கு ரேடியோவின் பவரைக் குறைத்தாக வேண்டும் என்பதே இதன் பொருள். பெறும் முனையில் பெரிய டிஷ் வைப்பது முறையானது, பயனுள்ளது; அதனால் கிடைப்பது ஆறேழு டெசிபெல் என்பதையும், டிஷ் பெரிதாகப் பெரிதாக அதன் பார்வை குறுகி, காற்றில் கம்பம் ஆடினாலே திசை தவறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரம்புக்குள் நின்று ஒரு கணக்கு. பத்து கிலோமீட்டர் திறந்த வெளியில் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 128 டெசிபெல் இழக்கிறது. 4 வாட் வலிமையோடு புறப்பட்டு, மறுமுனையில் நல்ல டிஷ் ஒன்றால் பெறப்படும் அந்த அலை, ரேடியோ தாழ்ந்த வேகத்திலாவது பேசத் தேவையான குறைந்தபட்சத்தைவிட 28 டெசிபெல் அளவுக்கு மேலே இருக்கும். மழை, காற்று, கருவியின் முதுமை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் இணைப்புக்கு உள்ள கையிருப்பு இதுதான். இருபது மீட்டர் இலைத்திரள் அதில் பாதியைத் தின்றுவிடும். இணைப்பு மெதுவாக ஓடும், நனைந்த இலையும் ஆடும் கிளையும் சேரும் நாளில் நிற்கும். நூறு மீட்டர் தோப்பு கையிருப்பு முழுவதையும் தின்று மேலும் கேட்கும். மரத்துக்கு நடுவே பாய்ச்சிய இணைப்பு முதல் நாள் வேலை செய்ததென்று காட்டுவோர் முன்வைக்கும் சான்று, கையிருப்பில் பாதி போன நிலையை வெற்றியெனக் காட்டும் சான்றாகவே இருக்கிறது.

பவரைக் கூட்டுவதன் கேடு இத்தோடு நிற்பதில்லை. உரிமமில்லா அலைவரிசை பொதுவழி. ஆம்பூர் போன்ற நெருக்கமான ஊரில் ஒவ்வோர் ஆலையும் ஒவ்வொரு விடுதியும் தன் பங்குக்குக் குரலை உயர்த்தினால், மரத்தால் குறைந்த அலையைவிட அண்டை ரேடியோக்களின் இரைச்சல் பெரிதாகிவிடும். நெடுந்தூர வைஃபை இணைப்புகளில் தரவு இழக்கப்படுவது ஏன் என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 இல் அளந்தபோது, முதன்மைக் காரணமாகத் தெரிந்தது இந்த வெளி இரைச்சல்தான். இழப்புக்கு மரமே காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், பெறப்படும் அலையின் வலிமை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று ரேடியோவின் பதிவைத் திறந்து பார்ப்பது மிக எளிய சோதனை. வலிமை நன்றாக இருந்து தரவு மட்டும் இழக்கப்படுகிறது என்றால் குற்றவாளி இரைச்சல். வலிமை வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்து, காற்று வீசும் பிற்பகல்களில் ஏறி இறங்கினால் மரம். ஒரே நொடியில் எல்லாம் பூச்சியமானால், மரமும் இல்லை, இரைச்சலும் இல்லை, மின்சாரம்.

இனி வெட்டுவதைப் பற்றி. மரத்தை வெட்டச் சொல்வோர் மனத்தில் ஒற்றை மரம் நிற்கிறது. நடுப்பாதையில் திறக்க வேண்டியது ஒரு மரத்தின் அகலத்தை அன்று, பதினைந்து மீட்டர் அகலமுள்ள ஒரு சுரங்கத்தை. அது தோப்பின் நீளம் முழுவதும் திறக்கப்பட வேண்டும். அந்தத் தோப்பு ஆலைக்காரருடையதும் அன்று, இணையம் தருபவருடையதும் அன்று. காய்க்கும் தென்னையை மற்றொருவர் வீட்டு இணையத்துக்காக வெட்ட எந்த விவசாயியும் கடமைப்பட்டவர் அல்லர். சாலையோரப் புளியமரங்களும் ஏரிக்கரை மரங்களும் பொதுச் சொத்து. பொது இடத்து மரங்களை வெட்டுவதை மேற்பார்வையிட மாநிலத்திலும் மாவட்டங்களிலும் பசுமைக் குழுக்கள் 2021 இல் அமைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அரசு ஒரு கையால் நடச் சொல்லும் மரத்தை மறுகையால் வெட்டச் சொல்லும் திட்டம், அனுமதி கிடைத்தாலும் நெடுநாள் ஓடாது.

அனுமதியும் பணமும் தடையில்லை என்றே வைத்துக்கொண்டாலும் வெட்டுவது தீர்வாகாது. மரம் நின்ற இடத்தில் மரமே வளரும். சீமைக்கருவேலம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் தழைக்கும் என்பதை இந்த வட்டாரத்தில் ஏரி தூர்வாரிய எவரும் அறிவர். வெட்டப்படாத அடுத்த வரிசைத் தென்னை ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும். இவற்றினும் நுட்பமான பொறி வேப்பமரம் வைப்பது. மாசியில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும் வேம்பின் ஊடாக ஓர் இணைப்பைச் சோதித்துப் பார்த்தால் அது பழுதின்றி ஓடும். சித்திரைப் பிறப்புக்குள் மரம் தளிர்த்துப் பூத்து நிறைந்துவிடும்போது அதே இணைப்பு நலியத் தொடங்கும். நீர்ச்சத்து மிகுந்த இளந்தளிரே அலையை மிகுதியாக உறிஞ்சுகிறது. ஓர் ஆண்டின் இலை நிலைகளைக் கணக்கில் கொள்ளாமல் ஒரே நாளில் அளந்து கையெழுத்திட்ட ஆய்வறிக்கையைத்தான் இங்கே குற்றம் சொல்ல வேண்டும். மரம் தன் பருவத்தை மறைத்து வைக்கவில்லை. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டே பெயர் பெற்ற ஒரு வட்டாரம், மரம் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை வெளியாரிடம் கேட்டறிய வேண்டிய நிலையில் இல்லை.

சற்று விவரம் அறிந்தோர் மூன்றாவதாக ஒரு வாதம் வைப்பார்கள்: தாழ்ந்த அலைவரிசை இலையை எளிதில் ஊடுருவும், ஆகவே 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக்களை வாங்கிப் பொருத்திவிடலாம். இதில் பாதி உண்மை. முற்கூறிய சூத்திரப்படி 100 மீட்டர் தோப்பில் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் 33 டெசிபெல் இழக்கும் இடத்தில் 865 மெகாஹெர்ட்ஸ் 19 டெசிபெல்தான் இழக்கிறது. மறுபாதி இரண்டு இடங்களில் முறிகிறது. அலைவரிசை தாழத் தாழ ஃபிரெனல் வலயம் பருக்கும். அதே 10 கிலோமீட்டர் பாதையில் 865 மெகாஹெர்ட்ஸுக்கு நடு ஆரம் 29 மீட்டரைத் தாண்டும், அதாவது மரத்தை ஊடுருவிய அலைக்குத் தரையே தடையாகும். அடுத்தது சட்டம். அமெரிக்காவில் எவரும் பயன்படுத்தத்தக்க 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை இந்தியாவில் அவ்வாறு திறந்திருக்கவில்லை. அதன் ஒரு பகுதியில் கைபேசி நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்த அலைவரிசை ஓடுகிறது. இங்கே 2005 இல் திறக்கப்பட்டது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள குறுகிய வழிகளாக. அந்த அகலத்தில் ஒரு நீரோட்டமானியின் எண்களை அனுப்பலாம். கழிவுத் தொட்டியைக் காட்டும் கேமராவின் படத்தை அனுப்ப முடியாது. உண்மையில் இது ஒரு நல்ல பயன்பாட்டைச் சுட்டுகிறது. ஆலையின் அளவீட்டு எண்களை மட்டும் இந்தத் தாழ்ந்த அலையில் அனுப்பிக்கொண்டு, படத்துக்கு வேறு வழி தேடலாம். அதைப் பரிந்துரைக்காமல், வெளிநாட்டு ரேடியோவை இறக்குமதி செய்யச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. தொலைக்காட்சிக்கென ஒதுக்கி வெறுமையாகக் கிடக்கும் அலைவரிசைகளைக் கொண்டு மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டச் சிற்றூர்களில் நடத்திய முயற்சி நம்பிக்கை அளித்தது. அது சோதனை உரிமத்தின் கீழ் நடந்தது. அதைக் காட்டி இன்று ஆம்பூரில் ஓர் இணைப்பை நட முடியாது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலைத் தீர்த்துக் காட்டிய முன்மாதிரி வேறு எங்கும் தேட வேண்டியதில்லை, தேனியில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை தன் தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு இணைத்து, மருத்துவர் தம் இடத்திலிருந்தபடியே சிற்றூர் நோயாளியைக் காணொளியில் பார்க்கும் ஏற்பாட்டை பெர்க்லி ஆய்வாளர்களின் துணையோடு அமைத்தது. 2008 இல் அவ்வாய்வாளர்கள் வெளியிட்ட விவரப்படி, ஐந்து பார்வை மையங்களை இணைக்கும் அந்தப் பின்னல் பதினொரு ரேடியோ நிலையங்களைக் கொண்டிருந்தது. அவற்றுள் ஐந்து, எந்த நோயாளியும் வராத, ஓரிடத்திலிருந்து பெற்று மற்றோரிடத்துக்குக் கைமாற்றும் இடைநிலையங்கள். ஒன்பது இணைப்புகளில் மிக நீண்டதே 15 கிலோமீட்டர்தான். ஆறு நிலையங்களுக்கு 24 முதல் 42 மீட்டர் வரை உயரமுள்ள கோபுரங்கள் எழுப்பப்பட்டன. மற்றவை மாடிக் கம்பங்களிலும், ஏற்கெனவே நின்ற உயரமான கட்டமைப்புகளிலும் பொருத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஒரு நூற்பாலை வளாகத்து மின்நிலையத்தின் புகைபோக்கி.

இந்த எண்களை வேலூர் வட்டாரத்துக் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். பயன் பெறும் ஐந்து மையங்களுக்குக் கைமாற்றும் நிலையங்களும் ஐந்து என்றால், அமைத்தவர்கள் தடைகளைத் துளைக்க முயலாமல் சுற்றிச் சென்றிருக்கிறார்கள். 24 மீட்டருக்குக் குறைந்த கோபுரம் ஒன்றுகூட இல்லை என்றால், மேலே தென்னந்தோப்புக்குக் கண்ட 28 மீட்டர் வெறும் தாள் கணக்கு அன்று. அதே குழுவைச் சேர்ந்தோர் வெனிசுலாவில் 382 கிலோமீட்டர் வைஃபை இணைப்பு அமைந்ததையும் கண்டவர்கள். எர்மன்னோ பியெத்ரோசெமொலி 2007 இல் நிகழ்த்திய அந்தச் சாதனை ஆண்டிஸ் மலை உச்சி ஒன்றிலிருந்து மற்றொரு மலைக்குச் சென்றது. இடையே இலை ஒன்றுகூட இல்லை. சாதாரண ரேடியோவே இத்தனை நூறு கிலோமீட்டர் பேசும் என்றால், பத்து கிலோமீட்டரில் தடுமாறும் இணைப்புக்குப் பவர் குறைவு என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

தேனி அனுபவத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. அங்கே ஏற்பட்ட பழுதுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மூலம் மரமோ தொலைவோ அன்று. தரம் குறைந்த மின்சாரம். மின்னழுத்தம் துள்ளி ரேடியோக்கள் எரிந்தன, பேட்டரிகள் பாழாயின, நினைவட்டைகள் கெட்டன. தோல் வட்டாரத்திலும் பெரிய டிரம்களைச் சுழற்றும் மோட்டார்கள் ஓடத் தொடங்கும் அதே மின்பாதையில் பத்து வாட் ரேடியோவைத் தொங்கவிட்டுவிட்டு, அது அணைந்ததற்குப் பக்கத்துத் தோப்பைப் பார்ப்பது என்ன முறை?

அதற்கும் முன்பே தமிழ்நாடு இதே பாடத்தை ஒருமுறை படித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி நுட்பம், 2001 முதல் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரச் சிற்றூர் இணைய மையங்களுக்கு இணைப்புத் தந்தபோது, கோபுரத்துக்கும் மையத்துக்கும் இடையே நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் எட்டும் என்பதே அதன் நிபந்தனையாக இருந்தது. இன்னும் பின்னே போனால், 1802 இல் சென்னையில் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவையின் முதல் எதிரியே பார்வையை மறைக்கும் மரந்தான். தெற்கே அவர் குன்றுகளையும் கோபுரங்களையும் நாடினார். கங்கைச் சமவெளியில் நாட அவை இல்லாததால், அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830களில் செங்கல் கோபுரங்களை எழுப்பினார். ஒளிக்கும் வானலைக்கும் விதி ஒன்றே. இருநூறு ஆண்டுகளில் மறந்துபோனது அந்த விதி மட்டும்.

லாம்டனுக்குக் கிடைத்த வசதி இந்த வட்டாரத்துக்கு நிரம்ப இருக்கிறது. பாலாற்றுப் பள்ளத்தாக்கின் தெற்கே ஏலகிரியும் ஜவ்வாது மலைத்தொடரும், வடக்கே ஆந்திர எல்லைக் குன்றுகளும் நிற்கின்றன. ஆம்பூரின் பழைய துர்க்கம் குன்றின் மேல் கட்டப்பட்டதற்குக் காரணம் அங்கிருந்து பள்ளத்தாக்கு தடையின்றித் தெரியும் என்பதே. வாணியம்பாடியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் ஏலகிரி இருக்கிறது. ஊரைவிட 600 மீட்டர் உயர்ந்த ஓரிடம் அம்மலைப் பக்கத்தில் கிடைக்குமானால், அங்கிருந்து ஊருக்கு இறங்கும் அலை ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஐந்தரை மீட்டர் சரிகிறது. பத்து மீட்டர் உயர மாடியில் ஆன்டெனா இருந்தால், அதிலிருந்து 250 மீட்டர் தள்ளி நிற்கும் தென்னையின் தலைக்கு மேலே, தரையிலிருந்து 23 மீட்டர் உயரத்தில் அலை வந்துகொண்டிருக்கும். வலயத்தின் பருமனைக் கழித்தாலும் 20 மீட்டர் மரம் அதைத் தொடாது. பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மரங்களோடு மல்லுக்கட்ட வேண்டிய சிக்கல், கடைசி 250 மீட்டருக்குள் நிற்கும் சில மரங்களின் சிக்கலாகச் சுருங்கிவிடுகிறது. முனைக்கு அருகே வலயம் மிக ஒடுங்கியிருப்பதால், அதே மாடியின் மறு மூலைக்கு ஆன்டெனாவை நகர்த்தினாலே அம்மரங்களில் பெரும்பாலானவை விலகிவிடும். தரையில் நின்று கம்பத்தை உயர்த்திக்கொண்டே போகும் பணியாளர்கள், பக்கவாட்டில் எட்டு மீட்டர் நகர்வது மேலே எட்டு மீட்டர் ஏறுவதற்கு ஈடாகலாம் என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலைமேல் இடம் கேட்பது எளிதன்று என்ற எதிர்வாதம் நியாயமானது. மலைச்சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே ஒரு கம்பம் நடவும் 1980 ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். காட்டு நிலத்தை நாடாமல், மலையூர்களில் உள்ள பட்டா நிலத்தையும் பஞ்சாயத்துக் கட்டடங்களையும், வாடகைக்கு இடம் தரும் ஏற்கெனவே உள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்களையும் பயன்படுத்த முடியும். பள்ளத்தாக்கிலும் உயரத்துக்குப் பஞ்சமில்லை. ஆலைகளின் கொதிகலன் புகைபோக்கிகள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் பல ஆலைகள் கூட்டாக நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கட்டடங்கள் எனத் தேனியின் நூற்பாலைப் புகைபோக்கிக்கு ஈடானவை வரிசையாக நிற்கின்றன. ஒரே சுத்திகரிப்பு நிலையத்தில் பங்குதாரர்களாக இருக்கும் ஆலைகள் ஒரே கம்பத்தில் பங்குதாரர்களாக இருக்கத் தயங்குவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

கண்ணாடியிழை வந்துவிட்டது, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்பாரும் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கும் ஜோலார்பேட்டை இருப்புப் பாதைக்கும் அருகே இருக்கும் ஆலையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. இழை எட்டும் இடத்தில் வானலையைப் பிடித்துத் தொங்குவது வீண் பிடிவாதம். ஆயினும் 12,525 ஊராட்சிகளை ஒரு ஜிகாபிட் வேகத்தில் இணைக்க முனைந்த தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பின் வடம் பல இடங்களில் மின்கம்பங்களின் மேலேதான் செல்கிறது. காற்றில் முறியும் புளியங்கிளை ரேடியோவை விட்டுவைத்தாலும் அதை விட்டுவைக்காது. ஜவ்வாது மலையின் புதூர் நாடு போன்ற பகுதிகளில் மாற்றுவழி என ஒன்று இருக்கத்தான் வேண்டும். செயற்கைக்கோளை எதிர்பார்த்திருப்போருக்கும் ஒரு சொல்: அந்த டிஷ் பயன்படுத்தும் அலைவரிசை 5.8 ஜிகாஹெர்ட்ஸைவிட உயர்ந்தது. திறந்த வானம் இல்லாத தோப்பு வீட்டில் அதுவும் இலையிடம் தோற்கும்.

மரத்தில் கை வைக்கவே கூடாது என்பது இந்த மறுப்பின் வாதம் அன்று. பாதை, உயரம், இடைநிலையம், மின்சாரம் ஆகிய எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும், ஆன்டெனாவுக்கு முன்னே இருபது முப்பது மீட்டருக்குள் ஒரு வேப்பங்கிளை நீட்டிக்கொண்டிருக்கலாம். வலயம் மிக ஒடுங்கிய அந்த இடத்தில் உரியவரின் சம்மதத்தோடு அந்தக் கிளையை மட்டும் கழிப்பது முறையான பராமரிப்பு. அதை மாசியில் செய்யக் கூடாது. இலை நிறைந்த ஆனி, ஆடியில் ரேடியோவின் பதிவைப் பார்த்தபடி செய்தால், எந்தக் கிளை உண்மையில் குறுக்கே நிற்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.